ரோஸ்மேரி கை காட்டினால்

ஐம்பத்தாறு வயசுக்கு மேல் ஒரு ஆம்பளை பள்ளிக்கூடம் போவதில்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு உறுதியாக முடிவெடுத்தேன். எட்டு மணிக்கு என் மனைவி ரோஸ்மேரி என் தலையை வாரி, சாப்பாட்டுப் பையைக் கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். நடுவில் இருந்த அந்த முக்கால் மணி நேரம் நான் எவ்வளவு உறுதியான மனுஷனாக இருந்தேன் என்பதைப் பார்க்க ஒரு ஆள் இல்லாமல் போயிற்று. அதுதான் வருத்தம்.

பள்ளிக்கூடம் என்று நான்தான் சொல்கிறேன். வாசல் பலகையில் ‘மூத்த தொழிலாளர் மறுபயிற்சி மற்றும் வேலைவாய்ப்பு உதவி மையம்’ என்று இருக்கிறது. அதைப் படித்து முடிப்பதற்குள் நமக்கு இன்னும் ஒரு வயசு கூடிவிடும். நாற்பத்தைந்துக்கு மேல் வேலை போனவர்களுக்காக அரசாங்கம் தண்டையார்பேட்டையில் புதுசாகத் திறந்தது. விண்ணப்பப் படிவத்தை ரோஸ்மேரியே போய் வாங்கி வந்தாள். நிரப்பியது மட்டும் நான். செல்போன் எண் என்ற இடத்தில் வழக்கம்போல அவள் நம்பரை எழுதினேன். ரேஷன், கேஸ், பேங்க் எல்லாவற்றுக்கும் அவள் நம்பர்தான். என் நம்பர் எனக்கே தெரியாது.

நான் ஞானதுரை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஆபரேட்டர். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு மாசம் முன்னால் புது கிரேன் வந்தது. அதில் கேபினே கிடையாது. யாரோ ஒருத்தர் ஏசி ரூமில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குச்சி ஒன்றை ஆட்டுகிறார். வெளியே இருபது டன் பெட்டி நகர்கிறது. எங்களுக்கு ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். “எங்கேயும் நேரத்துக்குப் போக வேண்டாதவனுக்கு எதுக்குங்க கடிகாரம்?” என்று மைக்கில் கேட்டேன். நன்றியுரை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

என் தொழிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கிரேன் ஓடும் இடத்தில் வாயால் பேசினால் ஒன்றும் கேட்காது. எல்லாம் கைதான். கீழே சிக்னல்மேன் நிற்பான். விரலை மேலே நீட்டிச் சுற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுற்றினால் இறக்கு. ஒரு உள்ளங்கைக்கு எதிரே இன்னொரு கையை அசையாமல் வைத்தால் மெதுவாக. ரெண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து ஆட்டினால், உயிரே போனாலும் நில். இதில் ஒரு சட்டம் உண்டு. தூக்கு என்று உனக்கென்று போட்ட சிக்னல்மேன் சொன்னால்தான் தூக்கணும். ஆனால் நில் என்று யார் காட்டினாலும் நிற்கணும். டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும் நிற்கணும். முப்பத்தொரு வருஷத்தில் அது எலும்பில் இறங்கிவிட்டது.

இதையெல்லாம் கல்யாணமான புதுசில் கெத்து காட்டுவதற்காக ரோஸ்மேரிக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். எங்களுக்கு வாரியக் குடியிருப்பில் மூணாவது மாடி. தண்ணீர் லாரி வந்தால் அவள் கீழே குடத்தைப் பிடிப்பாள், நான் மேலே கப்பி மாட்டிக் கயிற்றை இழுப்பேன். கீழே இருந்து அவள் விரலைச் சுற்றுவாள், குடம் ஏறும். பிறகு அவள் அதைக் குடத்தோடு நிறுத்தவில்லை. நான் நாலு பேர் முன்னால் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தால் தூரத்தில் ரெண்டு கை விரியும். வாக்கியம் பாதியில் நின்றுவிடும். எழுவாய் இருக்கும், பயனிலை வராது.

இன்னொரு விஷயமும் உண்டு.

என் கேபின் இருபது மீட்டர் உயரத்தில் இருந்தது. கிழக்கே பார்த்தால் கடல். மேற்கே மணலிப் புகைபோக்கிகள். தெற்கே எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி. காலை பதினோரு மணிக்கு ரோஸ்மேரி துணி காயப்போட மாடிக்கு வருவாள். கொடியில் புடவையைப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பிக் கை காட்டுவாள். உள்ளங்கையை நிமிர்த்தி வால் மாதிரி ஆட்டினால் அன்றைக்கு மீன். ரெண்டு விரலைத் தலையில் கொம்பு மாதிரி வைத்தால் ஆட்டுக்கறி. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றால் ரசம், அதாவது என்மேல் கோபம். நான் கேபின் விளக்கை ரெண்டு தடவை போட்டு அணைப்பேன். இருபத்தெட்டு வருஷம், ஞாயிறு தவிர, தினமும் ஒரு நிமிஷம்.

வேலை போனபிறகு ஒரே வீட்டில் இருபத்துநாலு மணி நேரமும் அவளைப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த ஒரு நிமிஷத்துக்காக ஏங்கிப் போனேன். இதை எப்படி ஒரு மனைவியிடம் சொல்வது? “நீ கிட்ட இருக்கிறதவிட தூரத்துல இருந்தது நல்லா இருந்துச்சு” என்று சொன்னால் அன்றைக்கு ரசம்கூடக் கிடைக்காது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம்.

முதல் நாள் மேஜைக்குப் பின்னால் மகிமா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலைவாய்ப்பு ஆலோசகர். நல்ல பெண். கம்ப்யூட்டர்தான் நல்லதில்லை.

“முந்தைய தொழில் என்ன சார்?”

“கிரேன் ஆபரேட்டர்.”

தட்டினாள். மறுபடி தட்டினாள். முகம் சுருங்கியது.

“லிஸ்ட்ல இல்லையே சார்.”

எட்டிப் பார்த்தேன். ‘கிரெடிட் கார்டு விற்பனை’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘கிரைண்டர் பழுதுபார்த்தல்’. நடுவில் ஒன்றுமில்லை.

“பாப்பா, இது ரெண்டுத்துக்கும் நடுவுலதான் வரணும்.”

“வரணும் சார். ஆனா வரல. ஏதாவது ஒண்ணு செலக்ட் பண்ணாத்தான் அடுத்த பக்கம் போகும்.”

“அப்ப ‘இதர’ன்னு போட்டுக்கம்மா.”

“இதர போட்டா செக்யூரிட்டி வகுப்புக்குப் போயிடும் சார்.”

“வேற எதுனா?”

“காளான் வளர்ப்பு இருக்கு. மணப்பெண் அலங்காரம் இருக்கு.”

செக்யூரிட்டி வகுப்புக்குப் போனேன். அந்த ரெண்டு வரிக்கு நடுவே இருந்த வெற்று இடம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் முப்பத்தொரு வருஷம் அதற்குள் விழுந்து கிடந்தது. வகுப்பில் இருபது பேர். ஒருத்தர் லேத் பட்டறையில் முப்பது வருஷம், ஒருத்தர் அச்சகத்தில் இருபத்தேழு வருஷம். எல்லாருக்கும் சல்யூட் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். முன் பெஞ்சில் என் பழைய சிக்னல்மேன் அப்சல் மார்பை நிமிர்த்திச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் அவனைத் தனியே இழுத்தேன்.

“பாய், நான் நாளையிலருந்து வரல.”

“ஏன் மாமு? சும்மா குந்திகினு இருந்தா மூட்டு புட்சிக்கும்.”

“என்னால சல்யூட் அடிக்க முடியாதுடா. நீ டெய்லி இன்னா பாடம் நடந்துச்சுன்னு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பாண்ட எனக்குச் சொல்லிடு. அத அப்படியே வூட்ல ஒப்பிச்சிடறேன்.”

“அண்ணிக்குத் தெரிஞ்சா?”

“எப்படித் தெரியும்?” என்றேன் நான். இந்த உலகத்தில் புருஷன்மார்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி.

மறுநாளிலிருந்து தினமும் காலை வீட்டிலிருந்து கிளம்பி, தண்டையார்பேட்டையில் இறங்காமல், நேராக ராயபுரம் கடற்கரையில் கொட்டி வைத்த கருங்கற்களுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். ஒரு நல்ல கல்லாகப் பார்த்து உட்கார்ந்து, கப்பலிலிருந்து பெட்டி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூணாவது கிரேன்காரன் அவசரக்குடுக்கை. பெட்டி ஆட்டம் நிற்பதற்குள் இறக்குவான். “இரு, இரு, ஆடட்டும், இப்ப இறக்கு” என்று இங்கிருந்து சொல்வேன். அவனுக்கு எங்கே கேட்கும்? என் ரெண்டு கையும் முழங்கால்மேல் தானாக நகர்ந்துகொண்டிருக்கும். பதினோரு மணி ஆனால் வடக்கே திரும்பிப் பார்ப்பேன். அங்கே மீன்பிடிப் படகுகளும் வெயிலும்தான். திருவொற்றியூர் மாடி இங்கிருந்து தெரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

சாயங்காலம் வீட்டில் பரீட்சை நடக்கும்.

“இன்னாய்யா கத்துகினே இன்னிக்கு?”

“விசில்.”

“ஊது, பாப்பம்.”

“விசில அங்கியே குடுத்துட்டு வந்துட்டேன்மே.”

“வாயால ஊது.”

ஊதினேன். கீழே ஒரு சைக்கிள் பிரேக் போட்டது.

“சோக்கா ஊதுறே. நாளைக்கு இன்னா?”

“கேட்டுச் சொல்றேன்... இல்ல, கத்துகினு வந்து சொல்றேன்.”

ஐந்தாம் நாளிலிருந்து சாப்பாட்டுப் பை கனத்தது. சுறாப்புட்டு, அவித்த முட்டை, ஒரு நாள் எறா தொக்குகூட. படிக்கிற பிள்ளைக்கு வீட்டில் இருக்கும் மரியாதையே தனி என்று பூரித்துப்போனேன். ஆறாம் நாள் பைக்குள் ஒரு தொப்பியும் இருந்தது.

“இது எதுக்குமே?”

“தலைக்கு வச்சிக்க.”

“கிளாஸ் ரூம்ல எதுக்கு தொப்பி?”

“ஃபேன் காத்து உனுக்கு ஆவாது.”

எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று நினைத்தேன். முட்டாளுக்கு நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. தலையில் தொப்பிதான் இருக்கும்.

எட்டாம் நாள் அப்சல் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. பாடம் இல்லாமல் வீட்டுக்குப் போனேன். அவள் கேட்டதும் தீயணைப்பு என்று அடித்துவிட்டேன்.

“அப்பிடியா? நெருப்பு புட்சிகினா மொதல்ல இன்னா பண்ணணும்?”

“மொதல்ல... ரிஜிஸ்டர்ல எழுதணும்.”

“எழுதி?”

“கையெழுத்து வாங்கணும்.”

“யார்கிட்ட?”

“நெருப்பு எந்த வூட்டுலயோ அந்த வூட்டு ஓனராண்ட.”

“அப்பால?”

“அப்பால அணைக்கணும்.”

முகத்தில் ஒரு கோடு அசையாமல் கேட்டாள். “நல்லாத்தான்யா சொல்லித் தர்றாங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். உள்ளே பாத்திரம் ஒன்று ரொம்ப நேரம் குலுங்கியது. ஏதோ கழுவுகிறாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள். மணி பன்னிரண்டு இருக்கும். கல்மேல் உட்கார்ந்து எறா தொக்கைத் திறந்தேன். ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சைப் புடவை. ரோஸ்மேரி! நடுவில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. லாரிகள் ஓயும்வரை அவளால் தாண்ட முடியாது. எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. டப்பாவை மூடினேன். இந்தப் பக்கம் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. பாய்ந்தேன். ஒரு காலை உள்ளே வைத்தேன்.

அந்த நேரம் ரெண்டு லாரிக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அவள் ரெண்டு கையையும் விரித்து ஆட்டினாள்.

நின்றுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் நிற்கவில்லை, என் உடம்பு நின்றது. ஒரு கால் ஆட்டோவுக்குள், ஒரு கால் ரோட்டில், கையில் தொக்கு.

“ஏறு நைனா!” என்றார் டிரைவர்.

“ஏற முடியல.”

“அப்ப இறங்கு.”

“இறங்கவும் முடியல.”

“இன்னா, வாயு புட்சிகிச்சா?” என்றாள் உள்ளே கூடையோடு இருந்த மீன்காரம்மா. நாலு பேர் என் காலைப் பிடித்து வெளியே வைத்தார்கள். ஆட்டோ போய்விட்டது. லாரி ஓய்ந்ததும் ரோஸ்மேரி நிதானமாக ரோட்டைத் தாண்டி வந்தாள்.

நான் முந்திக்கொண்டேன். “இன்னிக்கு ஒருநாள்தான்மே. தல வலிச்சிது. காத்து வாங்கலாம்னு...”

அவள் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘பயிற்சியாளர் ஞானதுரை இன்று வருகை தரவில்லை.’ விரலால் தள்ளினாள். அதே வரி. இன்னும் தள்ளினாள். மொத்தம் பதினொன்று. தினமும் காலை பத்து மணிக்கு ஒன்று, தவறாமல் வந்திருக்கிறது. படிவத்தில் அவள் நம்பரை எழுதிய கையை அப்போதே கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“மொத நாளே தெரியுமா?”

“மொத மெசேஜ் வந்தப்பவே தெரியும். அப்சல் பாயப் புட்சி ஒரு உலுக்கு உலுக்குனேன். நாலாம் நாளு உன் பின்னாலயே பஸ்ல வந்தேன்.”

“வந்து ஏன் கூப்புடல?”

இந்த இடத்தில் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கிரேன் பக்கம் பார்த்தாள்.

“கூப்புடத்தான் வந்தேன். நீ வெயில்ல குந்திகினு, மொழங்கால் மேல கைய ஆட்டிகினு கீற. பொட்டி இறங்கச் சொல்ல உன் கையும் இறங்குது. எனுக்கு மனசு கேக்கல, போய்ட்டேன்.”

தொக்கு டப்பாவை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீ மட்டுந்தான் பாக்கறேன்னு நெனச்சியா? எட்டு மாசமா பதினோரு மணிக்கு நானும் மாடில நின்னுகினுதான் கீறேன். அந்தப் புதுக் கிரேன் போவுது, வருது. மேல ஆளு இல்ல. யாருக்குய்யா கை காட்டறது?” புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். அடுத்த நொடி பழைய ரோஸ்மேரி. “போதும், வா. சென்டர்ல அந்தப் பொண்ணு காத்துகினு கீது.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். போகிற வழியில்தான் தெரிந்தது. என்னைக் கல்மேல் பார்த்த அன்றே அவள் நேராக மையத்துக்குப் போய் மகிமா முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். “இன்னா லிஸ்ட்டு இது? ஊர்ல பாதி ஆம்பளைங்க ஹார்பர்லயும் யார்டுலயும் வேல செஞ்சவங்க. அவங்க தொழிலு இல்ல, கல்யாணப் பொண்ணுக்கு மையி வக்கிறது கீதா? தெரிஞ்ச வேலைக்குப் பரீட்ச வச்சி ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க, புதுசா எது மாறியிருக்கோ அத மட்டும் சொல்லிக் குடுங்க” என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாள். மகிமாவுக்கும் அந்த லிஸ்ட்மேல் ரொம்ப நாளாகக் கோபம். ரோஸ்மேரி சொன்னதை அப்படியே மனுவாக எழுதி மேலே அனுப்பியிருக்கிறாள்.

“சார், அனுமதி வந்திருச்சு!” என்றாள் மகிமா, நாங்கள் மையத்துக்குள் நுழைந்ததுமே. எட்டிப் பார்த்தேன். கிரெடிட் கார்டுக்கும் கிரைண்டருக்கும் நடுவே ‘கிரேன் இயக்குதல் மற்றும் சிக்னல்’ என்று ஒரு வரி உட்கார்ந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். இன்னும் இருந்தது.

“ஒரே ஒரு சிக்கல் சார். குறைஞ்சது பத்துப் பேர் சேர்ந்தாத்தான் வகுப்பு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள பேர் அனுப்பணும். உங்களோட ஒம்போது பேர்தான் இருக்காங்க.”

அப்சல் பழைய யார்டு ஆட்களை ஏழு பேர் பிடித்து வந்திருந்தான். நான் செல்போனை வாங்கித் தெரிந்தவர்களுக்கெல்லாம் போட்டேன். ஒருத்தர் துபாய். ஒருத்தர் மகன் வீட்டில் ஓசூர். ஒருத்தர் ஏற்கெனவே செக்யூரிட்டி, “ட்யூட்டில பேசக்கூடாது” என்று வைத்துவிட்டார். மணி நாலரை. அந்த வரி லிஸ்டிலிருந்து போய்விடுமோ என்று மறுபடி எட்டிப் பார்த்துக்கொண்டேன். பதினொரு நாளாகப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியவன், இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

“என் பேர எழுதிக்க பாப்பா” என்றாள் ரோஸ்மேரி.

நான் சிரித்தேன். அது தப்பு.

“உனக்கு இன்னா அனுபவம்மே?”

“இருவத்தெட்டு வருசம் மூணாவது மாடிக்குத் தண்ணி ஏத்திக்கீறேன். ஒரு கொடம் ஒடஞ்சிருக்கா?”

“ஆன்ட்டி, வயசு?” என்றாள் மகிமா.

“அம்பது.”

“சிக்னல் தெரியும்னு காட்டணும் ஆன்ட்டி.”

ரோஸ்மேரி தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காட்டினாள். தூக்கு, இறக்கு, மெதுவாக, பூமை (கிரேனின் நீண்ட கையை) உயர்த்து, நில். அப்சல் எழுந்து நின்று பார்த்தான்.

“மாமு, நம்மளவிட சுத்தமா கீது” என்றான், துரோகி.

அப்படித்தான் பத்தாவது ஆள் சேர்ந்தது. மூணு நாளில் ஓடிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். ஓடவில்லை. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். எடை எவ்வளவு, கயிற்றின் கோணம் எவ்வளவு என்று வாத்தியார் கேட்டால் அவள் கைதான் முதலில் உயரும். வீட்டுக்கு வந்தால் சாயங்காலப் பரீட்சை மட்டும் நிற்கவில்லை. இப்போது அவளுக்கு விடை தெரியும் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே கடைசிப் பரீட்சையில் ஒரு திட்டம் வைத்திருந்தேன். ஏழு டன் சிமென்ட் கட்டையைத் தூக்கி, டிரம் வரிசையைச் சுற்றிக்கொண்டுபோய், சுண்ணாம்பு வட்டத்துக்குள் வைக்க வேண்டும். ஆபரேட்டர் நான். வரிசை எண்படி எனக்கு சிக்னல் காட்ட வந்தது பத்தாம் நம்பர், ரோஸ்மேரி. அவள் கையைப் பார்க்காமலேயே வைத்துக் காட்டுவேன், முப்பத்தொரு வருஷம் என்றால் என்னவென்று இன்றைக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

கேபினுக்குள் ஏறி உட்கார்ந்ததும் திட்டம் பாதி மறந்துபோயிற்று. கிரீஸ் வாசனை. வெயிலில் காய்ந்த சீட். இது சின்னக் கிரேன், எட்டு மீட்டர்கூட இல்லை, கடலும் தெரியவில்லை, மாடியும் தெரியவில்லை. இருந்தாலும் லீவரைத் தொட்டதும் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாசம் கழித்து என் கை சும்மா இல்லை. ஒரு நிமிஷம் அப்படியே இருந்தேன். கீழே ரோஸ்மேரி அவசரப்படுத்தவில்லை. நான் தலையாட்டிய பிறகுதான் விரலைச் சுற்றினாள்.

கட்டை எழும்பியது. டிரம்களைத் தாண்டியது. மெதுவாக என்று காட்டினாள். எனக்குத் தெரியாதா என்று வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன். அவள் ரெண்டு கையையும் விரித்தாள்.

நின்றேன். எரிச்சலோடுதான் நின்றேன். வம்புக்கு நிறுத்துகிறாள் என்று கேபினுக்குள்ளேயே திட்டினேன். அப்போது கட்டைக்குப் பின்னால் மறைந்திருந்த இடத்திலிருந்து, எனக்குச் சுத்தமாகத் தெரியாத பக்கத்திலிருந்து, பரீட்சை அதிகாரி மெல்ல வெளியே வந்தார். கையில் மார்க் ஷீட். குனிந்து எழுதிக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். தலைக்கு ரெண்டு அடியில் தொங்கிய ஏழு டன்னைப் பார்த்தார், ரோஸ்மேரியைப் பார்த்தார், பேனாவைத் தேடினார். பேனா கீழே விழுந்திருந்தது.

பிறகு அவள் கையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை. கட்டை வட்டத்துக்குள் பூ மாதிரி உட்கார்ந்தது.

முடிவை வாசலில் ஒட்டினார்கள். ஞானதுரை அறுபத்தெட்டு. ரோஸ்மேரி தொண்ணூற்றேழு. மீதி மூணு மார்க் எங்கே என்று அவள் அந்த அதிகாரியைப் போய்க் கேட்டாள்.

அடுத்த மாசம் மையத்திலேயே வேலை முகாம் நடந்தது. எண்ணூர் ரோட்டில் ஒரு பெரிய பழுதுபார்க்கும் யார்டுக்காரர் வந்தார். குச்சிக் கிரேனெல்லாம் அவர்களுக்குக் கட்டுபடியாகாது, ஆள் ஏறும் கிரேன்தான், பழகின ஜோடியாக வேண்டும் என்றார். மகிமா எங்களைக் காட்டினாள். வேலை ஆணையில் ஒரு வரியை ரோஸ்மேரி எனக்கு மூணு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினாள். ‘ஆபரேட்டர், தமக்கு நியமிக்கப்பட்ட சிக்னலரின் கை அசைவுக்கு மட்டுமே கட்டுப்பட்டு இயங்க வேண்டும்.’ கையெழுத்துப் போட்டேன். வேறென்ன செய்வது?

போன வியாழக்கிழமை முதல் நாள். பதினைந்து மீட்டர் கேபின். ஏறியதும் ஒரு பக்கம் கடல் தெரிந்தது, இன்னொரு பக்கம் அனல் மின் நிலையத்துப் புகை. பதினோரு மணி ஆனதும் கழுத்து தானாகத் தெற்கே திரும்பியது. அங்கே எவ்வளவோ மாடிகள், எவ்வளவோ கொடிகள். எங்கள் மாடி அவ்வளவு தூரத்தில் எங்கே தெரியப்போகிறது? தெரிந்தாலும் அங்கே யார் இருக்கிறார்கள்? அந்தக் கொடி இன்றைக்குக் காலியாக ஆடிக்கொண்டிருக்கும். வேலை திரும்பி வந்துவிட்டது, அந்த ஒரு நிமிஷம் மட்டும் திரும்பாது என்று பெருமூச்சு விட்டேன்.

கீழே பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட், பச்சைப் புடவைமேல் ஆரஞ்சுச் சட்டை. ரோஸ்மேரி சுற்றும் முற்றும் பார்த்தாள். கொக்கியில் பாரம் எதுவும் இல்லை. பிறகு முகத்தை நிமிர்த்தி, உள்ளங்கையைத் தூக்கி, மெல்ல வால் மாதிரி ஆட்டினாள்.

மீன்!

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விளக்கை ரெண்டு தடவை போட்டு அணைத்தேன். போதாது என்று இன்னும் ரெண்டு தடவை. விட்டுப்போன மாசங்களுக்கெல்லாம் சேர்த்து.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கத்தியால் அரிவது மாதிரி, கரண்டியால் கிளறுவது மாதிரி ரெண்டு சைகை காட்டினாள். அவை எந்தப் புத்தகத்திலும் இல்லாதவை. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, நிதானமாக, தப்பே வராதபடி, மேலே இருந்த என்னைக் காட்டினாள்.

நியமிக்கப்பட்ட சிக்னலரின் கை அசைவு. அன்று சாயங்காலம் நான்தான் மீன் குழம்பு வைத்தேன்.